பழைய ‘குட்டி யானை’யை ஆஃப்-ரோடு வண்டியாக மாற்றலாமா? மெக்கானிக் ஓகே சொல்வார், ஆர்.சி. புக் என்ன சொல்லும்?

பூந்தமல்லியைத் தாண்டி பாரிவாக்கம் பக்கம் ஒரு ரவுண்டு போனால் தெரியும். நசரத்பேட்டை, திருமழிசை என்று சுற்றுவட்டாரம் முழுக்க குடோன்கள். அங்கிருந்து பார்சல், பால் பாக்கெட், தண்ணீர் கேன், மளிகை என்று ஏற்றிக்கொண்டு ஓடும் டாடா ஏஸ், மாருதி ஆம்னி, பொலேரோ பிக்கப் வண்டிகள். பத்துப் பன்னிரண்டு வருஷம் உழைத்த பிறகு, அவற்றில் பல ஏதோ ஒரு ஷெட்டின் ஓரத்தில் ‘விற்பனைக்கு’ என்ற அட்டையோடு நின்றுவிடும்.

அதைக் கடந்து போகும் வண்டிப் பிரியர்களுக்கு ஒரு யோசனை வராமல் இருக்காது. “மச்சி, இதைக் கம்மி ரேட்டுக்கு எடுத்து, பெரிய டயர் மாட்டி, கொஞ்சம் ஹைட் ஏத்தி, மேல நாலு லைட் போட்டா செம ஆஃப்-ரோடு வண்டி ஆயிடும்ல?” புது 4×4 வண்டி வாங்கப் பத்து லட்சத்துக்கு மேல் ஆகும் என்கிறபோது இந்தக் கேள்வி நியாயமானதுதான். யூடியூபில் இப்படி மாற்றிய வண்டிகளின் வீடியோக்களுக்கும் பஞ்சமில்லை.

மெக்கானிக்கலாகப் பார்த்தால் இது முடியாத வேலை இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டின் லேத்துப் பட்டறைகளும் ஆவடியின் டாங்க் தொழிற்சாலையும் இருக்கிற ஏரியா இது. வெல்டிங், டர்னிங், ஸ்பிரிங் வேலைக்கு ஆள் தேடி அலைய வேண்டாம். சிக்கல் பட்டறையில் ஆரம்பிப்பதில்லை, வண்டி ரோட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. அது என்ன சிக்கல், எவ்வளவு பெரியது, சட்டத்துக்கு உட்பட்டு என்னதான் செய்யலாம் என்று பார்ப்போம்.

டெலிவரி வண்டி மேல் ஏன் இந்த ஆசை?

காரணம் எளிது. சரக்கு வண்டி சுமை தாங்குவதற்காகவே செய்யப்பட்டது. பொலேரோ பிக்கப், டாடா 407 மாதிரி வண்டிகளில் தனி சேஸிஸ் இருக்கும், அதன் மேல்தான் கேபினும் தொட்டியும் உட்காரும். பின்னால் லீஃப் ஸ்பிரிங் பட்டைகள். அடி வாங்கினாலும் ரிப்பேர் சுலபம், ஸ்பேர் பார்ட்ஸ் எந்த ஊரிலும் கிடைக்கும். கரடுமுரடான பாதைக்கு வேண்டிய அடிப்படைக் குணங்கள் இவை.

உலகம் முழுக்கவே இந்த ஆசை உண்டு. அமெரிக்கத் தபால் துறை பல வருஷம் ‘டிஜே-5 டிஸ்பாட்சர்’ என்ற ஜீப்பில்தான் கடிதங்களைக் கொடுத்தது. பார்க்க ஜீப், ஆனால் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான் இன்ஜின் விசை போகும். ரிட்டயர் ஆகி ஏலத்துக்கு வந்த அந்த வண்டிகளை வாங்கி, முன் ஆக்ஸில் மாற்றி, நிஜ 4×4 ஆக்கியவர்கள் நிறைய. இப்போது அங்கே ட்ரெண்டில் இருப்பது ஜப்பானின் குட்டி ‘கே டிரக்’. 660 சிசி இன்ஜின்தான், ஆனால் பலவற்றில் கம்பெனியிலிருந்தே 4×4 வரும். நம்ம ஊர் ஆம்னிக்கு அடிப்படையாக இருந்த சுசூகி கேரியும் இந்த வம்சம்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஜப்பானில் அந்த வண்டி 4×4 ஆகவே பிறந்தது. நம்ம ஆம்னியும் ஏஸும் அப்படிப் பிறக்கவில்லை. பாதிப் பிரச்னை இதில்தான் இருக்கிறது.

முதலில் மெக்கானிக் கணக்கு

உதாரணத்துக்கு டாடா ஏஸையே எடுத்துக்கொள்வோம். 2005 மே மாதம் அறிமுகமான வண்டி. நம்ம ஊரில் ‘குட்டி யானை’. முதல் மாடலில் 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின், 16 குதிரைசக்தி. ஏற்றக்கூடிய எடை 750 கிலோ. 12 இன்ச் சக்கரம். தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடைவெளி சுமார் 160 மி.மீ. ஒப்பிட்டுப் பார்க்க: 2020-ல் வந்த மஹிந்திரா தாரில் இது 226 மி.மீ.

சரி, பெரிய டயர் மாட்டினால் உயரம் கிடைத்துவிடுமே? கிடைக்கும். கூடவே வேறு சிலதும் வரும்.

டயரின் குறுக்களவு 54 செ.மீ.யிலிருந்து 65 செ.மீ.க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 20 சதவீதம் அதிகம். இப்போது ஸ்பீடோமீட்டர் 50 காட்டும்போது வண்டி நிஜத்தில் 60-ல் போய்க்கொண்டிருக்கும். இன்ஜினின் இழுவை, தரையில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஏற்கெனவே 16 குதிரைசக்திதான் என்பதை மறந்துவிட வேண்டாம். அதே அழுத்தத்தில் பிரேக் மிதித்தால், அந்த விசையும் அதே அளவு குறையும். மேடு ஏறவும் கஷ்டம், இறக்கத்தில் நிற்கவும் கஷ்டம்.

அடுத்தது ‘லிஃப்ட்’. ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே கட்டை வைத்தோ, கூடுதல் பட்டை சேர்த்தோ வண்டியைத் தூக்குவது. இதில் மாறுவது வண்டியின் ஈர்ப்பு மையம். ஒரு வண்டி பக்கவாட்டில் கவிழாமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: இடது-வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரத்தை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். சக்கர இடைவெளி 1.3 மீட்டர், ஈர்ப்பு மையம் 65 செ.மீ. உயரம் என்றால் விடை 1. அதே வண்டியை 10 செ.மீ. தூக்கினால் விடை சுமார் 0.87. ரூஃப் கேரியரில் ஸ்டெப்னி, ஜெர்ரி கேன், டென்ட் எல்லாம் ஏற்றினால் இன்னும் குறையும். வெளிவட்டச் சாலையில் குறுக்கே வந்த மாட்டுக்காக ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடித்தால் என்ன ஆகும் என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கிறது.

மூன்றாவது, நிஜமான 4×4. இதற்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் வேண்டும், முன்பக்கம் டிஃபரன்ஷியல் வேண்டும், விசையை வாங்கிச் சுழலும் முன் ஆக்ஸில் வேண்டும், அதற்கேற்ற புரொபெல்லர் ஷாஃப்ட் வேண்டும். பழைய ஜீப்பிலிருந்து கழற்றி மாட்டலாம்தான். ஆனால் அந்த ஆக்ஸிலின் எடை, ஸ்டியரிங் கோணம், பிரேக் எல்லாமே வேறொரு வண்டிக்காகக் கணக்கிடப்பட்டவை. இவ்வளவும் மாற்றிய பிறகு அது டாடா ஏஸ்தானா என்று கேட்டால், மெக்கானிக்கே சிரிப்பார். சட்டமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. இதன் சாரம் ஒரே வரிதான்: தயாரித்த நிறுவனம் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறுபடும் வகையில், ஓனர் வண்டியை மாற்றக் கூடாது.

‘மாற்றம்’ என்றால் என்ன என்பதற்கும் அதே பிரிவில் விளக்கம் இருக்கிறது: வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றிவிடும் அமைப்பு மாற்றம். அதனால் சீட் கவர் மாற்றுவது குற்றமில்லை. பின்னால் சரக்குத் தொட்டி இருந்த இடத்தில் சீட் போட்டு ஆள் உட்கார வைப்பது, உயரத்தைக் கூட்டுவது, டிரைவ் சிஸ்டத்தையே மாற்றுவது எல்லாம் வேறு கதை.

இதில் முன்பு கொஞ்சம் குழப்பம் இருந்தது. கேரள மாநில விதிகளின் கீழ் ஆர்டிஓ அனுமதி வாங்கி அமைப்பு மாற்றம் செய்யலாம் என்று கேரள உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று தீர்ப்பளித்திருந்தது. 2019 ஜனவரி 9-ம் தேதி உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு அதை ரத்து செய்தது. மாநில விதிகள் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டவை. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது. ஆர்.சி.யில் உள்ள மற்ற விவரங்கள் மாறினால் முறைப்படி பதிவு செய்துகொள்ளலாம். இதுதான் அந்தத் தீர்ப்பின் சுருக்கம். கலர் மாற்றுவது இந்த இரண்டாவது வகையில் வரும்.

அனுமதிக்கப்பட்ட வழிகளும் உண்டு. ஒப்புதல் பெற்ற சிஎன்ஜி, எல்பிஜி, பேட்டரி கன்வர்ஷன் கிட் பொருத்தலாம். மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்கு ஏற்ற மாற்றங்களுக்கும் இடம் இருக்கிறது. ஆஃப்-ரோடு ஆசைக்கு மட்டும் அப்படியொரு கதவு இல்லை.

மாட்டினால் எவ்வளவு?

2019-ல் வந்த திருத்தம் பிரிவு 182ஏ-வைச் சேர்த்தது. அதன்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த ஓனருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

‘ஒவ்வொரு’ என்ற வார்த்தைதான் முக்கியம். லிஃப்ட், பெரிய டயர், முன்னால் புல் பார், மேலே லைட் பார், தொட்டியில் சீட் என ஐந்தையும் எண்ணினால் 25,000 ரூபாய். இதில் புல் பார், கிராஷ் கார்டு போன்றவை பிரிவு 52-க்கு எதிரானவை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிவிட்டது. அபராதத்தோடு முடியாமல் ஆர்.சி.யை சஸ்பெண்ட் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு.

“ரோட்ல யாரு பார்க்கப் போறாங்க?” என்று நினைக்கலாம். டெலிவரி வண்டி மஞ்சள் போர்டு வண்டி என்பதை மறந்துவிடக் கூடாது. சொந்த காருக்கு 15 வருஷம் வரை எஃப்.சி. கவலை இல்லை. சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் எஃப்.சி. எடுத்தாக வேண்டும். நீங்கள் வாங்கப்போவது பழைய வண்டி. அதாவது வருஷா வருஷம் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னாலோ ஆட்டோமேட்டிக் டெஸ்டிங் சென்டரிலோ அதை நிறுத்தியே ஆக வேண்டும். டி.என். 12 பூந்தமல்லி, டி.என். 13 அம்பத்தூர் எந்த ஆர்டிஓ ஆனாலும் இது மாறாது. ஒவ்வொரு எஃப்.சி.க்கும் எல்லாவற்றையும் கழற்றி மாட்டுவது ஒரு வழி என்று பட்டறைகளில் சொல்வார்கள். அடுத்த 364 நாளும் அந்த வண்டி சட்டத்துக்கு வெளியேதான் ஓடும்.

இதெல்லாம் நிஜத்தில் நடக்கிறதா?

நடக்கிறது. பக்கத்து மாநிலத்திலேயே பிரபலமான கேஸ் ஒன்று உண்டு. கேரளாவின் கண்ணூரைச் சேர்ந்த ‘இ-புல் ஜெட்’ யூடியூப் சகோதரர்கள் ஒரு ஃபோர்ஸ் டிராவலர் வேனைத் தங்கும் வண்டியாக மாற்றி, ‘நெப்போலியன்’ என்று பெயர் வைத்து இந்தியா முழுக்கச் சுற்றினார்கள். 2021 ஆகஸ்ட்டில், விதிமீறிய மாற்றங்கள் இருப்பதாகச் சொல்லி மோட்டார் வாகனத் துறை வண்டியைப் பிடித்தது. கண்ணூர் ஆர்டிஓ அலுவலகத்தில் தகராறு செய்ததாக இருவரும் கைதாகி, பிறகு ஜாமீனில் வந்தார்கள். வண்டியின் பதிவு சஸ்பெண்ட் ஆனது. லட்சக்கணக்கான ஃபாலோயர்கள் சோஷியல் மீடியாவில் சண்டை போட்டும் சட்டம் மாறவில்லை.

இன்னொரு கதை கொஞ்சம் இனிப்பானது. மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்தில் ஒரு கொல்லர், பழைய உதிரி பாகங்களை வைத்து ஒரு குட்டி ஜீப்பையே செய்துவிட்டார். கிக் அடித்தால் ஸ்டார்ட் ஆகும். 2021 டிசம்பரில் அந்த வீடியோவைப் பகிர்ந்த ஆனந்த் மஹிந்திரா, திறமையைப் பாராட்டிய கையோடு இன்னொன்றையும் சொன்னார்: விதிகளுக்கு உட்படாத வண்டி என்பதால் அதிகாரிகள் என்றைக்காவது இதை நிறுத்துவார்கள். அதனால் பதிலுக்கு ஒரு பொலேரோ தருவதாக அறிவித்து, 2022 ஜனவரியில் கொடுக்கவும் செய்தார். கொல்லர் செய்த வண்டி தங்களுடைய ரிசர்ச் வேலியில் இடம்பெறும் என்றார். அந்த ரிசர்ச் வேலி இருப்பது நம்ம செங்கல்பட்டு பக்கம், மஹிந்திரா சிட்டியில்.

நாடே பாராட்டிய வண்டி, கடைசியில் காட்சிப் பொருளாகத்தான் ஆக முடிந்தது. ரோட்டில் ஓட அதற்கு வழி இல்லை.

இன்சூரன்ஸ்: யாரும் பேசாத செலவு

அபராதம் ஒருமுறை கட்டி முடியலாம். விபத்து என்று வந்தால் கணக்கே வேறு. இன்சூரன்ஸ் பாலிசி, ஆர்.சி.யில் உள்ள வண்டிக்குத்தான். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி, உங்கள் வண்டிக்கான சேதத் தொகையை நிறுவனம் மறுக்கலாம். எதிரே வந்தவருக்கு அடிபட்டால், முதலில் நிறுவனத்தைக் கொடுக்கச் சொல்லி, பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிப்பதும் உண்டு. விபத்து இழப்பீடு லட்சங்களில் போகும். இருபதுகளில் இருக்கும் ஒருவருக்கு அது பல வருஷச் சம்பளம்.

லோன் பாக்கி இருக்கும் வண்டி என்றால் இன்னொரு கட்டை. ஹயர்-பர்ச்சேஸ் ஒப்பந்தத்தில் இருக்கும் வண்டியில், பதிவு செய்த ஓனரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்கிறது பிரிவு 52.

‘வெள்ளத்துல வந்தது இந்த வண்டிங்கதானே?’

ஆஃப்-ரோடு பிரியர்கள் வைக்கும் வலுவான வாதம் இது. சென்னையின் மேற்குப் புறநகரில் இருப்பவர்களுக்கு அது உடனே புரியும். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் என்று நினைத்துப் பார்த்தால் போதும். ஏரிகள் நிறைந்த இந்தப் பகுதியில் தண்ணீர் ஏறினால் காரும் பைக்கும் செத்துவிடும். லாரி, டிராக்டர், படகுதான் கதி. 2018 கேரளப் பெருவெள்ளத்தில் ஜீப் கிளப்காரர்கள் தங்கள் 4×4 வண்டிகளோடு மீட்புப் பணியில் இறங்கினார்கள். “கஷ்டத்துல கூப்பிடுறீங்க, மத்த நாள்ல ஃபைன் போடுறீங்க” என்ற கோபம் அதற்குப் பிறகுதான் அதிகமானது.

அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் உயரமான வண்டி எல்லாம் வெள்ள வண்டி ஆகிவிடாது. ஓடும் தண்ணீர் ஒரு அடி இருந்தாலே பெரும்பாலான கார்களை இழுத்துப்போகும், இரண்டு அடி இருந்தால் எஸ்யூவி, பிக்கப்பையும் இழுக்கும் என்று அமெரிக்க தேசிய வானிலைச் சேவை எச்சரிக்கிறது. எடை குறைந்த ஏஸ், ஆம்னிக்கு ஆபத்து இன்னும் அதிகம். இன்ஜின் காற்றோடு தண்ணீரையும் உறிஞ்சினால், பிஸ்டனால் தண்ணீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண பாலிசி பெரும்பாலும் இதற்குப் பணம் தராது, தனி ‘இன்ஜின் புரொடெக்ட்’ ஆட்-ஆன் வேண்டும்.

வெளிநாட்டில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

ஜெர்மனியில் மாற்றம் செய்த வண்டியை டியூவி போன்ற அமைப்பின் நிபுணரிடம் காட்ட வேண்டும். அவர் சோதித்து ஓகே சொன்னால் அந்த மாற்றம் வண்டியின் பேப்பரிலேயே ஏறிவிடும். பிரிட்டனில் தனி ஒரு வண்டிக்கான ஒப்புதல் சோதனை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் எந்த அளவு மாற்றம் வரை சும்மா செய்யலாம், எதற்கு மேல் இன்ஜினியர் சான்றிதழ் வேண்டும் என்று தேசிய அளவில் வழிகாட்டி விதித்தொகுப்பே உண்டு.

அங்கேயும் எல்லாம் சுமுகம் இல்லை. அமெரிக்காவில் அந்தக் குட்டி கே டிரக்குகளைப் பண்ணையில் ஓட்டலாம், ரோட்டில் ஓட்டலாமா என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் சண்டை. பதிவு செய்ய மறுத்துவந்த டெக்சாஸும் மாசசூசெட்ஸும் ஓனர்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2024-ல்தான் வழிவிட்டன.

இந்தியாவில் வண்டி சோதனை என்பது தயாரிப்பாளருக்கானது. ஒரு மாடலின் முன்மாதிரியைச் சோதித்து ஒப்புதல் வாங்கினால், அதே மாதிரி ஆயிரக்கணக்கில் செய்து விற்கலாம். அப்படிச் சோதிக்கும் மையங்களில் ஒன்று பாரிவாக்கத்திலிருந்து ஒரு மணி நேர தூரத்தில், ஒரகடத்திலேயே இருக்கிறது. ஆனால் பட்டறையில் உருவான ஒரே ஒரு வண்டியைக் கொண்டுபோய் ‘இதைச் சோதிச்சுச் சொல்லுங்க’ என்று ஒரு தனி மனிதர் நிற்க அங்கே கவுன்ட்டர் இல்லை.

அரசுத் தரப்பின் பயமும் புரிகிறது. ஒவ்வொரு ஆர்டிஓவிலும் ஒவ்வொரு வெல்டிங்கையும் சோதிக்க ஆளும் கருவியும் வேண்டும். அது இல்லாமல் கதவைத் திறந்தால், கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு ஆபத்தான வண்டிகள் ரோட்டுக்கு வரும். அதனால் முழுத் தடை சுலபமான வழி. அதன் விலையை இரண்டு பேர் கொடுக்கிறார்கள். விதி தெரியாமல் சேமிப்பைக் கொட்டும் இளைஞர் ஒருவர். நல்ல வேலை தெரிந்தும் அதைச் சான்றிதழோடு செய்ய முடியாத பட்டறைக்காரர் இன்னொருவர். 1965-லேயே விஜயந்தா டாங்கை வெளியே கொண்டுவந்த ஆவடிக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டறைகளுக்கு, ‘இவ்வளவு உயரம் வரை, இந்தப் பாகத்தை வைத்து, இந்தச் சோதனையோடு’ என்று ஒரு தெளிவான விதி கிடைத்தால் அது முறையான தொழிலாகவே வளரும். இப்போதைக்கு அது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் வேலை.

அப்போ என்னதான் செய்யலாம்?

1. 4×4 ஆகவே பிறந்த சரக்கு வண்டியைத் தேடுங்கள். பொலேரோ கேம்பர், டாடா ஸெனான், யோதா வரிசைகளில் கம்பெனி ஃபிட்டட் 4×4 மாடல்கள் வந்திருக்கின்றன. செகண்ட் ஹேண்டில் கிடைப்பது அபூர்வம். ஆனால் ஆர்.சி.யும் வண்டியும் ஒன்றையொன்று மறுக்காது.

2. வாங்கும் முன் ஆர்.சி.யை முழுசாகப் படியுங்கள். எம்-பரிவாஹன் ஆப்பில் வண்டி எண் போட்டால் வகை, எஃப்.சி. தேதி, இன்சூரன்ஸ், லோன் விவரம் தெரியும். சேஸிஸ் எண்ணை நேரில் ஒப்பிடுங்கள். சேஸிஸில் வெல்டிங் தழும்பு இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

3. லைசென்ஸ் பற்றிப் பயம் வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட்டும் தேவையில்லை. ஆனால் தொட்டியில் ஆள் ஏற்றக் கூடாது. ஆர்.சி.யில் உள்ள சீட் எண்ணிக்கைதான் கணக்கு.

4. வண்டியை மாற்றாமல், கருவியைச் சேருங்கள். அதே சைஸில் கரடுமுரடுக்கு ஏற்ற டயர், காற்றுக் குறைக்கவும் ஏற்றவும் சின்ன கம்ப்ரஸர், கேஜ், இழுக்கும் பெல்ட், சக்கரத்துக்கு அடியில் போடும் பலகை, மண்வெட்டி. மணலிலும் சேற்றிலும் டயர் காற்றைக் கொஞ்சம் குறைப்பது பல நேரம் பெரிய டயரைவிட அதிகம் உதவும். திரும்பத் தார் ரோட்டுக்கு வந்ததும் காற்றை ஏற்ற மறக்காதீர்கள். டென்ட், அடுப்பு, தண்ணீர் டிரம் எல்லாம் கழற்றி இறக்கும்படி இருக்கட்டும். அது சரக்கு, அமைப்பு மாற்றம் இல்லை.

5. உள்ளே வந்து தூங்கும் வண்டிதான் வேண்டும் என்றால், சொந்தப் பயன்பாட்டு கேம்பர் வேன் என்ற வகை மத்திய அரசின் 2004 அறிவிக்கையிலேயே இருக்கிறது. அதற்குத் தனி தரநிலையும் உண்டு. ஒப்புதல் பெற்ற பாடி பில்டரிடம், ஆர்டிஓவில் முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள். பட்டறையில் செய்துவிட்டுப் பிறகு அனுமதி கேட்பது கண்ணூர் கதையில்தான் போய் முடியும்.

6. எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதும் சட்டம்தான். காப்புக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் போவது வனக் குற்றம். நம்ம ஏரிக்கரைகளும் ஆஃப்-ரோடு டிராக் இல்லை. சக்கரத் தடம் விழுந்த மண் கரையில்தான் அடுத்த மழையில் அரிப்பு ஆரம்பிக்கும். கரைக்கு அந்தப் பக்கம் வீடுகள் இருக்கின்றன.

7. போட்டிக்கு மட்டும்தான் வண்டி என்றால், ஏற்பாட்டாளர்களின் விதிப்படி தயார் செய்து, இன்னொரு லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ரோட்டில் ஓட்டிப்போய்ப் போட்டி, ஓட்டிக்கொண்டே வீடு என்ற கனவு அங்கே இல்லை.

முடிவாக…

ஷெட்டில் நிற்கும் அந்தப் பழைய வண்டியை வாங்குவதற்கு முன் மெக்கானிக்கிடம் கேட்கும் கேள்விகளோடு இன்னும் மூன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறுமா? அடுத்த எஃப்.சி.யில் இதே கோலத்தில் வண்டியை நிறுத்த முடியுமா? நாளைக்கு ஒருவர் மேல் மோதினால் இன்சூரன்ஸ் நிற்குமா? மூன்றில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும், அட்வான்ஸ் கொடுக்காமல் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால் தாராளமாக வாங்குங்கள். அது பெரும்பாலும் பெரிய டயரும் லைட் பாரும் இல்லாத, ரீல்ஸில் லைக்ஸ் வாங்காத ஒரு சாதா பிக்கப்பாகத்தான் இருக்கும். கொல்லிமலை வளைவில் பிரேக் பிடிக்கும்.